றேடியோ அறையில் நான் பேசிய ஒரு வாக்கியம்

இதைத் தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? போன ஞாயிறு பூசை முடிந்து வந்து உலை வைத்த நேரம் பார்த்து, விமானப் பள்ளியில் இப்போது படிக்கிற மூன்று பேர் ஓலைத்தொடுவாய்க்கு என் வீடு தேடி வந்துவிட்டார்கள். கதிரையில் இருக்கவும் இல்லை, அதற்குள் கேள்வி.

"ஆன்ரி, நீங்கள் றேடியோவில கதைச்சது உண்மையோ?"

"உண்மையெண்டா என்ன, பொய்யெண்டா என்ன? உங்களுக்குப் படிக்கப் புத்தகம் இல்லையோ? கூட்டித் துடைச்ச கிழவியிட்டக் கேட்டுத்தான் பிளேன் ஓட்டப்போறியளோ? வெக்கமில்லாத பிள்ளையள்!"

நன்றாக ஏசினேன். ஏசிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அவர்கள் சொன்னார்கள், பெரிய விமானங்களில் இப்போது புறப்படுகிற அனுமதி திரையில் எழுத்தாகவே வந்துவிடுகிறதாம், வாய் திறக்கவே தேவையில்லையாம். கொஞ்ச நாளில் எல்லா இடமும் அப்படித்தானாம். அப்படியென்றால் நான் பேசியதை இப்போதே எழுதி வைப்பதுதான் புத்தி என்று பட்டது. இல்லாவிட்டால் நான் செத்த பிறகு அந்தப் பள்ளி மனேச்சர் எழுதுவார். அவர் எழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. பிறகு சண்டை, பிறகு இந்தியாவில் முகாம், பிறகு திரும்பி வந்து மன்னார். இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கும் இருக்காது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற தாம்போதி தாண்டி, முருங்கன் பக்கம் போகிற வீதியிலிருந்து கடற்பக்கம் திரும்பினால் ஒரு சின்ன ஓடுபாதை. அங்கே பள்ளி தொடங்கியபோது எனக்கு வேலை கிடைத்தது. கடிதத்தில் "துப்புரவும் தேநீரும்" என்று இருந்தது. ஒன்பது வருடம் அதைத்தான் செய்தேன். ஒரு நாளில் ஒரு வாக்கியத்தைத் தவிர.

அந்த ஓடுபாதைக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஒரு றேடியோ அறை மட்டும். மேசை, கொழும்புக்கு ஒரு தொலைபேசி, மனேச்சரின் கந்தோரோடு பேச இன்னொரு தொலைபேசி, சுவரில் ஒலிபெருக்கி, பொத்தான் வைத்த ஒரு மைக். அந்த மேசைக்குப் பொறுப்பு குரூஸ் சேர்.

மேகத்துக்குள் வெளியே ஒன்றும் தெரியாமல், முன்னால் இருக்கிற கருவிகளின் முட்களையும் எண்களையும் மட்டும் பார்த்துப் பறக்கிறவர்கள், கொழும்பின் அனுமதி இல்லாமல் நிலத்தை விட்டுக் கிளம்ப முடியாது. அந்த அனுமதி தொலைபேசியில் வரும். சேர் அதைக் கடுதாசியில் எழுதுவார். எழுதியதைக் கொழும்புக்கே திருப்பிச் சொல்லுவார். பிறகு றேடியோவில் விமானத்துக்கு வாசிப்பார். விமானத்தில் இருக்கிறவர் எழுதிக்கொண்டு, அதை ஒரு எண் குறையாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கோயிலில் ஒருவர் பாதி செபம் சொன்னால் நாங்கள் மீதியைச் சொல்லுவோம். இங்கே அப்படி இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும். மீதியைச் சொன்னால் மோசம் போய்விடுவீர்கள்.

அனுமதியில் ஐந்து விஷயம் வரும், எப்போதும் ஒரே ஒழுங்கில். எங்கே போகிறாய். எந்த வழியால். எவ்வளவு உயரம். அடுத்து யாரோடு, எந்த அலைவரிசையில் பேச வேண்டும். றேடாரில் உன்னை அடையாளம் காட்டுகிற இலக்கம் என்ன. அவர்கள் திருப்பிச் சொல்லச் சொல்ல, குரூஸ் சேர் கடுதாசியில் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு சரி போடுவார். ஐந்து சரி விழுந்தால்தான் "ரீட்பேக் கரெக்ட்" என்பார். அதற்குப் பிறகும் போகலாம் என்று அர்த்தம் இல்லை. போகச் சொல்லித் தனியாக ஒரு சொல் வரும். அதுவரை நில்.

சேர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மாணவர் யாராவது எண்களைத் திருப்பிச் சொல்லாமல் "றொஜர்" என்று மட்டும் சொன்னால், கண்ணாடியைக் கழற்றுவார். துடைப்பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். மறுபடி துடைப்பார். அந்தப் பிள்ளைக்கு அதற்குள் உயிர் போய்விடும்.

"றொஜர் எண்டாக் காதில விழுந்தது எண்டு அர்த்தம். விளங்கினது எண்டு அர்த்தமில்லை. எனக்கு உம்மட காது வேண்டாம். எண்ணைச் சொல்லும்."

நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துடைத்துக்கொண்டு சிரிப்பேன். என் மூத்த மருமகன் கலியாணம் கட்டின நாளிலிருந்து றொஜர்தான். கூரை ஒழுகுது, றொஜர். பிள்ளைக்குக் காய்ச்சல், றொஜர்.

இன்னொன்று. "டேக் ஓஃப்" என்ற சொல். ஓடுபாதையில் ஓடி எழும்பச் சொல்லி அனுமதி தருகிற அந்த ஒரு நொடியில் மட்டும்தான் அதை வாயால் எடுக்கலாம். அதற்கு முன்னால் "புறப்படுதல்" என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் மைக்கில் அந்தச் சொல் மட்டும் தெளிவாகக் கேட்டு, மற்றது கரகரத்துப் போனால், ஒருவன் எழும்பிவிடுவான். எனக்கு அது தெரியாத காலத்தில், தேத்தண்ணி கொடுக்கும்போது ஒரு பிள்ளையிடம் "எப்ப டேக் ஓஃப்?" என்று கேட்டுவிட்டேன். சேர் ஜன்னலால் தலையை நீட்டினார்.

"றீற்றாம்மா, இந்தக் கட்டடத்தில அது சும்மா வெளியில எடுக்கிற சொல்லில்லை."

"எங்கட ஊரில இருட்டினாப் பிறகு பாம்பெண்டு சொல்லமாட்டம். அதுபோலயோ சேர்?"

கொஞ்சம் யோசித்தார். "ஓம். அதுபோலத்தான்" என்றார்.

அவரை எனக்குப் பிடித்துப்போனது அன்றுதான்.

எங்கள் மன்னார்த் தாராபுரத்துப் பிள்ளை றிஸ்வானா வந்தது என் ஏழாம் வருடத்தில். அந்த வகுப்பில் அவளோடு சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பெடியன்களும் சோடி சோடியாக இருந்து, ஒருவன் கோபுரம், ஒருவன் விமானி என்று பழகுவார்கள். இவள் மிச்சம். ஒரு நாள் தேத்தண்ணி அறைக்கு வந்து நின்றாள்.

"றீற்றாம்மா, நீங்க எனக்கு டவரா இருங்களேன்."

"நான் டவரோ? என்ர முழங்காலைப் பார்த்தனியோ?"

விடவில்லை. ஒரு கொப்பியில் அனுமதிகளை எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள். நான் கோப்பை கழுவிக்கொண்டே வாசிப்பேன். அவள் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்து எழுதி, திருப்பிச் சொல்லுவாள். ஒரு மாதத்தில் கொப்பி பாடமாகிவிட்டது. பிறகு நான் என் குணத்தைக் காட்டத் தொடங்கினேன். வேண்டுமென்று உயரத்தை மாற்றுவேன். இலக்கத்தை விட்டுவிடுவேன். அவள் பிழையாகச் சொன்னால் பிஸ்கற் கிடையாது. குரூஸ் சேர் ஒரு நாள் வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். தடுக்கவில்லை. "மூண்டுக்கு 'த்ரீ' எண்டு சொல்லக்கூடாது. 'ட்ரீ' எண்டு சொல்லுங்கோ, றேடியோவில அதுதான் தெளிவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் படித்த ஆறாம் வகுப்பு அதுதான்.

என் ஒன்பதாம் வருடத்துக் கார்த்திகை மழை. மேகம் பனைமரத்தில் முட்டிக்கொண்டு நின்ற ஒரு காலை. அன்று பள்ளிக்கு யாரோ பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று மனேச்சர் விடியத்திலிருந்து பறந்துகொண்டிருந்தார். குரூஸ் சேரைக் கழுத்துப்பட்டி கட்டச் சொல்லியிருந்தார். ஒழுங்கில்லை என்று அந்த மாதம் அவருக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம்.

றிஸ்வானா ஓடுபாதை முனையில், றேடியோவில் 'றோமியோ கிலோ' என்று கூப்பிடுகிற விமானத்தில் இருந்தாள். பக்கத்தில் ஒரு இளம் ஆசிரியர். கொழும்பு தொலைபேசியில் அனுமதி சொன்னது. சேர் எழுதினார். நான் அந்த மேசையின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாசித்தார்: மூவாயிரம் அடியில் நில், புறப்பட்டுப் பத்து நிமிடத்தின் பின் ஏழாயிரம் எதிர்பார், அவர்கள் பாஷையில் 'எக்ஸ்பெக்ட்'.

இதை விளங்கிக்கொள்ளுங்கள், மிச்சம் எல்லாம் இதில்தான். ஏழாயிரம் அவளுடையது இல்லை. றேடியோ செத்துப்போய், யாரோடும் பேச முடியாமல் மேகத்துக்குள் தனித்துப்போனால் மட்டும், பத்து நிமிடத்தின் பின் அவள் ஏழாயிரத்துக்கு ஏறலாம். றேடியோ வேலை செய்கிறவரை, ஏறு என்று ஒருவர் சொல்லும்வரை, மூவாயிரம்தான். மற்ற நாட்களில் எங்கள் பிள்ளைகளுக்கு நேரே ஏழாயிரம் கிடைக்கும். அன்றுதான் மூன்று. ஒவ்வொரு நாளும் கேட்டதையே காது அன்றும் கேட்டுவிட்டது. அவளுக்கும், பக்கத்தில் இருந்தவருக்கும்.

அவள் திருப்பிச் சொன்னாள். எங்கே, சரி. எந்த வழி, சரி. பென்சில் இரண்டு தரம் விழுந்தது. "ஏழாயிரத்துக்கு ஏறுகிறேன்" என்று அவள் சொல்லுகிற நொடியில் உள் தொலைபேசி அடித்தது. சேர் இடது கையால் எடுத்தார். மனேச்சரின் குரல் எனக்கே கேட்டது, விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம். அவள் சொல்லி முடித்தாள். சேர் வலது கையால் மைக்கை அமத்தி, "ரீட்பேக் கரெக்ட்" என்றார். கொழும்பு விடச் சொன்னது, விட்டார். விமானம் எழும்பியது.

"சேர், அவள் ஏழெண்டவள்" என்றேன்.

"எக்ஸ்பெக்ட் ஏழு எண்டிருப்பாள்."

"இல்லை சேர். மூண்டெண்டு அவளின்ர வாயில வரவேயில்லை."

கடுதாசியைப் பார்த்தார். அதற்குள் தொலைபேசி மறுபடி. படம் எடுக்கிறார்களாம், எல்லோரும் வாசலுக்கு வர வேண்டுமாம், உடனே. அந்தக் கதிரையை விட்டு எழும்பாத மனுசன் எழும்பினார்.

"ரெண்டு நிமிசம். வந்து கேட்டுச் சரிபண்ணுறன். ஒண்டையும் தொடாதேங்கோ."

போய்விட்டார். ஒலிபெருக்கியில் றிஸ்வானா: ஆயிரத்து ஐந்நூறு தாண்டுகிறேன், ஏழாயிரத்துக்கு ஏறுகிறேன். அவள் குரல் ஓயவும் இல்லை, அதற்குள் இன்னொரு குரல். யாழ்ப்பாணப் பக்கமிருந்து திரும்பி வருகிற எங்கள் மற்ற விமானம். நாலாயிரத்தில் இருக்கிறேன், ஓடுபாதையை நோக்கி வருகிறேன்.

ஒருவர் நாலில் வருகிறார். மற்றவர் ஒன்றரையிலிருந்து ஏழுக்குப் போகிறார். இரண்டு பேருக்கும் வெளியே வெள்ளைப் பஞ்சு. இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

வாசலுக்கு ஓடி "சேர்!" என்று கத்தினேன். முன்வாசலில் குடைகள் வரிசையாக நின்றன. காற்று என் சத்தத்தைக் கடலுக்குக் கொண்டுபோனது. அவ்வளவு தூரம் போக என் முழங்காலுக்கு ஐந்து நிமிடம் வேண்டும். விமானத்துக்கு மூன்று நிமிடம் போதும். திரும்பி வந்தேன். கையைச் சேலையில் துடைத்தேன், ஈரக்கையால் மின்சாரச் சாமானைத் தொடக்கூடாது அல்லவா. பொத்தானை அமத்தினேன்.

"றோமியோ கிலோ, நெகடிவ். மெயின்டெயின் ட்ரீ தவுசண்ட். ரீட் பேக்."

பிழை, மூவாயிரத்திலேயே நில், திருப்பிச் சொல் என்று அர்த்தம். சுவர்ப் பல்லி ஒன்று என்னைப் பார்த்தது. பிறகு அவள்:

"மெயின்டெயின் ட்ரீ தவுசண்ட், றோமியோ கிலோ."

"ரீட்பேக் கரெக்ட்" என்றேன். அதைச் சொல்லாமல் விட்டால் சேர் கண்ணாடியைக் கழற்றுவார். கொஞ்ச நேரத்தில், எந்த ஒழுங்குக்கும் சேராமல், சின்னக் குரலில் தமிழ் வந்தது.

"றீற்றாம்மா?"

பொத்தானிலிருந்து கையை எடுத்தேன். தேவையில்லாத பேச்சு றேடியோவில் கூடாது.

சேர் நனைந்து வந்தபோது நடந்ததைச் சொன்னேன். கடுதாசியை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது வரிக்குப் பக்கத்தில் சரி இல்லை. ஏசவில்லை. கொழும்புக்கு எடுத்து, உயரம் பிழைத்ததையும் அவள் இப்போது மூவாயிரத்தில் நிற்பதையும் மட்டும் சொன்னார். இரண்டு விமானமும் நல்லபடியாக இறங்கின. அந்தக் கடுதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன்.

பின்னேரம் மனேச்சர் என்னைக் கூப்பிட்டார். குரூஸ் சேரும் அங்கே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மேசையில் ஒரு கடிதம், தமிழில் அழகாக அச்சடித்தது. மேசையைத் துடைக்கும்போது என் கை தவறுதலாக மைக்கில் பட்டு, நான் வாய்க்குள் முணுமுணுத்த ஏதோ வெளியே போய்விட்டதாம். அதற்குக் கீழே இன்னொரு கடிதம். அனுமதி சரியாகத் திருப்பிச் சொல்லப்பட்டது, பிறகு மாணவி தன் பிழையால் உயரத்தை மீறினார், ஆகவே நீக்கப்படுகிறார். றேடியோவைப் பதிவுசெய்கிற பெட்டி பழுதாகி ஒரு மாதம். அதனால் யாரும் வேறு மாதிரிச் சொல்ல முடியாது, என்னைத் தவிர.

"இதில ஒரு கையெழுத்து. உம்மட வேலைக்கு நான் பொறுப்பு" என்றார் மனேச்சர்.

"ஐயா, ஒன்பது வருசமா அந்த மேசையைத் துடைக்கிறன். ஒரு வயர் அசைஞ்சிருக்குமோ? துடைக்கத் தெரியாதவள் எண்டு என்னையே எழுதித் தரச் சொல்லுறியள்."

"பகிடி விடாதையும். இங்கிலீஷ் தெரியாத உமக்கு அதில என்ன விளங்கியிருக்கும்?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இது தெரியும்."

"பொலிசுக்குப் போற விசயம், விளங்குதோ? அனுமதி இல்லாமல் றேடியோவில கதைச்சிருக்கிறீர்."

"றொஜர்" என்றேன்.

பேனையை எடுக்கவில்லை. குரூஸ் சேர் தலை நிமிரவில்லை. எனக்கு அவரில்தான் அதிகம் கோபம். எச்சரிக்கைக் கடிதம் இரண்டு கிடைத்த மனுசன் பயப்படுவது எனக்கும் விளங்கும், ஆனாலும் கோபம்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். தமிழ் நன்றாகப் பேசினார். மனேச்சர் முந்திக்கொண்டு, "இவ தேத்தண்ணி போடுறவ" என்றார். அதிகாரி என்னை இருக்கச் சொன்னார். அந்தக் கந்தோர்க் கதிரையில் நான் இருந்தது அதுதான் முதல் தரம். நடந்ததைச் சொல்லச் சொன்னார். சேர் வாசித்தது, அவள் திருப்பிச் சொன்னது, நான் சொன்னது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

அவர் ஒரு தாளை எடுத்து, தானே ஒரு அனுமதியைக் கடகடவென்று வாசித்தார். "திருப்பிச் சொல்லுங்கோ."

"எங்கே, எந்த வழி, எவ்வளவு உயரம், யாரோட கதைக்கிறது, நாலும் சொல்லுவன். இலக்கம் நீங்கள் தரேல்லையே, சேர். அதில்லாமல் என்னை மேல அனுப்பப் போறியளோ?"

அவர் முகம் மாறவில்லை, பேனை மட்டும் நின்றது. நாலையும் திருப்பிச் சொன்னேன்.

"எக்ஸ்பெக்ட் எண்டா என்ன?"

"வீட்டுத்திட்டத்தில உங்களுக்கும் வீடு கிடைக்கும் எண்டு கந்தோரில சொல்லுவினம். அதுதான் எக்ஸ்பெக்ட். காத்திருக்கலாம், குடிபோகேலாது."

மனேச்சர் இருமினார். அப்போதுதான் மூலையில் நின்ற குரூஸ் சேர் முன்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடுதாசியை எடுத்து மேசையில் விரித்தார். மேலே இரண்டு சரி. மூன்றாவதுக்கு இல்லை.

"பிள்ளை பிழையாத்தான் சொன்னவள். அதைக் கேளாமல் சரியெண்டது நான். பிறகு கதிரையை விட்டுப் போனதும் நான்" என்றார். எண்களைத் திருப்பிச் சொல்லுகிற மாதிரி, ஒன்றையும் விடாமல் சொன்னார். என் கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. முழுவதும் இல்லை, முக்கால்வாசி.

அதிகாரி கடைசியில் என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் செய்ததால ரெண்டு பிளேன் தப்பினது. ஆனால் அனுமதியில்லாத ஆள் றேடியோவில கதைச்சது எண்டுதான் நான் எழுத வேணும். எழுதினா நீங்கள் இஞ்ச வேலை செய்யேலாது."

"எழுதுங்கோ. அனுமதி இல்லாதது உண்மைதானே. கை பட்டது எண்டு மட்டும் எழுதாதேங்கோ."

எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன், வாசித்தார். கேட்டுச் சரி என்று தலையாட்டிய பிறகுதான் எழும்பினேன்.

றிஸ்வானா நீக்கப்படவில்லை. அனுமதிப் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். படித்தாள், இப்போது பறக்கிறாள். குரூஸ் சேரைக் கொஞ்சக் காலம் றேடியோவிலிருந்து எடுத்துவிட்டுப் பிறகு திரும்ப வைத்தார்கள். றேடியோ அறையிலிருந்த உள் தொலைபேசியைக் கழற்றிவிட்டார்கள். என்னை மாதக் கடைசியில் நிறுத்தினார்கள். அதற்கு "ஓய்வு" என்று பெயர் வைத்து ஒரு பிரியாவிடையும் வைத்தார்கள். தேத்தண்ணி ஊற்ற வேறு ஆள் இல்லாததால் என் பிரியாவிடைக்கு நானே ஊற்றினேன். மனேச்சருக்குச் சீனி போடவில்லை.

ஓலைத்தொடுவாயில் செய்தி எனக்கு முன்னால் வந்து இறங்கியிருந்தது. குழாயடியில் நாலைந்து பெண்கள். பக்கத்து வீட்டு செபஸ்தியம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தொடங்கினாள்.

"என்னக்கா, வேலையால நிப்பாட்டிப் போட்டினமாம்? மேசை துடைக்கேக்க கைபட்டு ஏதோ மிசின் பிழைச்சுதாம் எண்டு மனேச்சர் சொல்லுறாராம். வயசு போனாக் கை நடுங்கும்தானே. அதுக்குப் போய் நிப்பாட்டுறதோ?"

என்மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்டாள். எல்லோரும் இரக்கமாகப் பார்த்தார்கள். ஓம் என்று சொல்லியிருந்தால் ஊர் முழுவதும் என் பக்கம் நின்றிருக்கும்.

"கையைப் பாரடி" என்று அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நடுங்குதோ? ஒண்டும் தவறிப் படேல்லை. யோசிச்சு, கையைத் துடைச்சுப்போட்டு, நான்தான் அமத்தினனான். இன்னொருக்கா அந்த நேரம் வந்தாலும் அமத்துவன். போய் எல்லாருக்கும் சொல்லு. சொல்ல முதல் என்ன சொன்னனான் எண்டு ஒருக்கா எனக்குத் திருப்பிச் சொல்லிப்போட்டுப் போ."